பதினைந்தாம் நம்பர் வில்லை

எண்பது பேர் வருவார்கள் என்று நினைத்து எண்பது நம்பர் துணிதான் தைத்து வைத்திருந்தார்கள். வந்து நின்றது முந்நூறு பேருக்கு மேல். மிச்சம் இருந்தவர்களுக்குப் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் சிவப்பு மையால் நம்பர் எழுதி, முதுகில் குண்டூசியால் குத்திவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஆவணி மாதம். என்னோடு வந்த நண்பருக்குப் புரட்டாசி. "சார், இது ஓடி முடிக்கிறதுக்குள்ள ஐப்பசி வந்துடும்போல" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து.

கலசப்பாக்கம் எனக்குச் சொந்த ஊர். அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டக் கற்று, விழுந்து, பல் உடைந்தவன் நான். ஆனால் அன்று காலை அது எனக்குத் தெரிந்த சாலையாகவே இல்லை. பேண்டு வாத்தியம் ஒரு பக்கம், சோடா வண்டி ஒரு பக்கம். ஓட வந்தவர்களுக்குத் துணையாக வந்தவர்களே ஓடுகிறவர்களைவிட அதிகம். பத்து கிலோமீட்டர் ஓட்டம்: போளூர் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், அங்கே வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதல் பதினைந்து பேருக்குச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழுக்காகத்தான் நண்பரை மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருந்தேன்.

அப்போது நான் ஜவ்வாது மலையில், ஒரு தங்கும் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். பி.எஸ்சி. முடித்த சூடு. காலை ஆறு மணிக்கு எழுந்து, எட்டரை மணிக்குப் பள்ளி தொடங்கும்வரை என்ன செய்வது என்று தெரியாத வயது. அதனால் ஓடினேன். தலைமை ஆசிரியரின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடுவேன். அவர் தினமும் அதைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே, "இன்னிக்கு எங்கப்பா போய்ச் சேரப் போற?" என்று கேட்பார். எங்கும் இல்லை, திரும்பி இங்கேதான் வருவேன் என்றால் தலையில் அடித்துக்கொள்வார்.

நண்பரைச் சந்தித்ததும் அப்படி ஓடும்போதுதான். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். முன்னால் ஒருவர் காலிக் கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவராக இருக்கலாம். நான் சத்தமே காட்டாமல் பின்னால் வந்து, மேட்டுப் பக்கமாக அவரை உரசிக்கொண்டு தாண்டினேன். அவர் பதறிப்போய்ப் பள்ளத்தின் விளிம்பில் தடுமாறி நின்றார். ஐம்பது அடி தாண்டியிருப்பேன். பக்கத்தில் பேச்சுக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் என் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. பின்னால வந்தீங்கன்னா கொரலு குடுங்க. முன்னால போறவரு மேட்டுப் பக்கம் ஒதுங்குவாரு. நீங்க பள்ளத்துப் பக்கமா போவணும். அவசரம் உங்களுதுதானே?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவர் ஒதுங்கலன்னா?" என்றேன்.

"ஒதுங்காம இருப்பாங்களா இன்னா?" என்றார். அப்படி ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இவ்வளவையும் அவர் ஓடிக்கொண்டே சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நானோ நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். வெறும் கால். கக்கத்தில் கோணி வேறு. எனக்கு வந்த பொறாமையை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து காலையில் சேர்ந்து ஓடினோம். அவருக்கு அது ஓட்டம் இல்லை, கொஞ்சம் சீக்கிரமாகப் போவது, அவ்வளவுதான். ஒரு சாமைக் கொல்லை, நான்கு புளிய மரம், மனைவி, ஒரு பெண் குழந்தை. முந்தைய வருஷம் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஏழு மாதம் வேலைக்குப் போயிருந்தார். மேஸ்திரி லாரி கொண்டு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்தபோது குழந்தைக்கு ஒன்றரை வயது. அவரைப் பார்த்ததும் வீறிட்டுக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"ஒம்பது நாளு சார்" என்பார். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போல. "ஒம்பது நாளு கிட்டயே வரல. வேத்தாளுன்னு நெனச்சிகிச்சு. பத்தாவது நாளு கையில மல்லாக்கொட்டய உரிச்சு வச்சிகினு ஒக்காந்திருந்தேன். வந்து ஒண்ணே ஒண்ண எடுத்துகினு ஓடிப்போச்சு."

இன்னொரு முறை அப்படிப் போக அவருக்கு மனசில்லை. ஆனால் போகாமல் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிப் பலகையில் காட்டுக் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை ஒட்டினார்கள். மலையிலேயே வேலை. விளையாட்டுச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. படித்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கலசப்பாக்கத்தில் வாலிபர் சங்கம் ஓட்டம் நடத்தப்போகிற செய்தி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் கேட்டு வந்திருந்தேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு பேரு பாக்க ரோட்ல ஓடறதா? இன்னா திருடிகினு ஓடறேன்னு கேப்பாங்க சார்."

அவர் மனைவி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: "தெனம் சும்மாவே ஓடற மாமா. ஓடினா காயிதம் குடுக்கறாங்கன்னா வேணாம்ன்றியே."

அவர் கிளம்பிவிட்டார். ஓட்டத்துக்கு முதல் நாளே சந்தவாசல் பக்கமாக இறங்கிப் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டோம்.

இனி ஓட்டம்.

முன்வரிசையில் நின்றவர்கள் யாரும் ஓட வந்தவர்களாகத் தெரியவில்லை. தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, போட்டோக்காரரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்கு பள்ளிகளிலிருந்து வாத்தியார்கள் ஓட்டிக்கொண்டு வந்த மாணவர் பட்டாளம். அதற்கும் பின்னால் நாங்கள். ஓட்டத்துக்குப் பொறுப்பாளர் ஓய்வு பெற்ற ஒரு டிரில் மாஸ்டர். விசில் ஊதினார். முன்வரிசை போட்டோவுக்காக இன்னும் ஒரு கணம் நின்றது. பின்னாலிருந்த கூட்டம் அதன் மேல் மோதியது. யாரோ என் குதிகாலை மிதிக்க, கான்வாஸ் ஷூ கழன்றுகொண்டது. குனிந்து அதை எடுப்பதற்குள் என் முதுகைத் தாண்டி ஐம்பது பேர் போய்விட்டார்கள்.

ஒற்றைத் தார்ச் சாலை, இரண்டு பக்கமும் புளிய மரம், அதன் நடுவே முந்நூறு பேர். ஓடுகிறவனுக்குச் சோடா கொடுக்க அவன் அண்ணன் சைக்கிளில் கூடவே வருவான். சைக்கிளில் வந்த அண்ணனோடு பேச இன்னொரு சைக்கிள். எதிரே கரும்பு வண்டிகள் வரிசையாக. ஆறு வாரம் மலைப்பாதையில் கடிகாரம் பார்த்துத் தயார் செய்த கால்கள் முன்னால் போகிறவனின் முழங்கையைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டிவந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அழுகையே வந்தது. முதல் ஐந்து பேருக்குள் வரவேண்டும் என்று எனக்கும் ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆசையில் நண்பரை மறந்தேன். இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் சாலையோர மண்ணில் இறங்கி, முட்டி மோதி முன்னேறினேன்.

இரண்டு கிலோமீட்டரில் ஒரு சிறிய பாலம். அங்கே எனக்கு முன்னால் கொஞ்சம் இடம் கிடைத்தது. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில்தான் இருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லை.

பாலத்துக் கட்டையில் ஏறி நின்றேன். தலைகள், தலைகள், தலைகள். என்னைத் தாண்டி ஒவ்வொருவனும் போகப்போக என் முதல் ஐந்து இடமும் கூடவே போனது. நூறு பேராவது போயிருப்பார்கள். அப்புறம் தெரிந்தார். ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவருக்கு முன்னால் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பனியனுக்கு வெளியே தொப்பை குலுங்க ஓடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால், ஒரு கை தூரம் விட்டு, நண்பர்.

"அண்ணா, கொஞ்சம் வழி" என்று நண்பர் சொல்வது கேட்டது.

"இருப்பா, நானும் அங்கதான் போறேன்" என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

"சரிங்க" என்று நண்பர் அவர் பின்னாலேயே வந்தார். எத்தனை தூரமாக இப்படி என்று தெரியவில்லை.

நான் குதித்து இறங்கி அவர் கையைப் பிடித்தேன். "இன்னாண்ணா பண்றீங்க! தாண்டி வாங்க!"

"கேட்டுட்டேன் சார். இன்னும் வுடல."

"கேக்காம வாங்கண்ணா! இங்க யாரும் வுட மாட்டாங்க!"

"கேக்காம எப்படி சார்?"

அவரோடு வாதாட எனக்கு மூச்சும் இல்லை, நேரமும் இல்லை. "என் பின்னாலயே வாங்க, வுடாதீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் புகுந்தேன். வெற்றிலைக் கடைக்காரரின் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளு. "ஓரம்! ஓரம்!" அடுத்தவன் தோளில் ஒரு தள்ளு. சைக்கிள் அண்ணன்களின் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். ஒரு இளைஞன் தடுமாறிச் சாலையோர மண்ணில் மண்டியிட்டு விழுந்தான். நின்று கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. பின்னாலிருந்து நண்பரின் குரல் மட்டும் ஒவ்வொருவரையும் தாண்டும்போது பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது: "மன்னிச்சுக்கங்கண்ணா... மன்னிச்சுக்கங்க தம்பி..."

டிரம் வந்தது. அங்கே இன்னொரு கூத்து. சுற்றித் திரும்பியதற்கு அடையாளமாகக் கையில் ரப்பர் முத்திரை குத்துகிறார்களாம். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு முத்திரை. ஓட்டப் பந்தயம் அங்கே ரேஷன் கடை வரிசையாக மாறி நின்றது. நண்பர் ஒழுங்காகப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, நான்கு பேர் தலைக்கு மேலாக நீட்டி, முத்திரையை வாங்கினேன். எனக்கும் வாங்கினேன். வரிசையில் நின்றவர்கள் கொடுத்த வசவுகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

திரும்பும் வழியில் கூட்டம் மெலிந்தது. பள்ளிப் பிள்ளைகள் மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசை அழகர்கள் கரும்பு வண்டியில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் நிஜமான ஓட்டம். என் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. நண்பரின் காலடி மட்டும் என் பின்னால் மிருதுவாக, ஒரே சீராகக் கேட்டது. சாலையோரத்தில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். "பன்னெண்டு! பதிமூணு!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். போதும், இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டோம் என்று நினைத்தேன். முன்னால் ஆளே இல்லை, அவர் விருப்பம்போல் என்னைத் தாண்டிப் போகலாம். பேச மூச்சில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன்.

கயிறு கட்டிய சந்துக்குள் நுழைந்ததும் ஒருவர் என் கையில் ஒரு தகர வில்லையைத் திணித்தார். டூரிங் டாக்கீஸ் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து இரவல் வாங்கி வந்த வில்லைகள். என்னுடையதில் 15 என்றிருந்தது.

திரும்பினேன். நண்பர் தன் வில்லையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 16.

ஊரார் எண்ணிய லட்சணம் அது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஏண்ணா, ஏன் என்னை முந்தல? வழிதான் காலியா இருந்துச்சே!"

அவர் நான் கேட்டது விளங்காதவர் போலப் பார்த்தார். "நீங்க சுமந்துகினு வர்றீங்க சார். சுமைக்காரர எவனாச்சும் முந்துவானா? அவரா எறக்கி வச்சாத்தான்."

"நான் இன்னாண்ணா சுமந்தேன்?"

"இம்மாந்தூரம் என்னைத்தான சுமந்தீங்க" என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கழன்றிருந்த என் ஷூ கயிற்றைக் கட்டினார். நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. "வுடுங்க சார். லாரிக்கு இன்னும் நாளு இருக்குது. போய்ட்டுத்தான் வர்றேன், ஏழு மாசந்தானே" என்றார். என்னைத் தேற்றுகிறாராம்.

அரை மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் என் காலண்டர் நம்பரைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் சிறிய கூட்டம். முட்டி உரிந்த இளைஞன் நின்றிருந்தான். முத்திரை வரிசையில் நின்ற இரண்டு பேர். எல்லாருக்கும் முன்னால், அப்போதுதான் ஓடி முடித்து, துண்டால் தொப்பையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைக் கடைக்காரர்.

டிரில் மாஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இவங்களையெல்லாம் தள்ளினியாமே?"

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், மின்சாரம் தொட்டதுபோல, ஒன்று புரிந்தது. என் பெயரை அடித்தால் பதினாறாவது ஆள் பதினைந்தாவது ஆகிறார்.

"தள்ளினேன் சார்" என்றேன். எனக்கே என் குரலில் உற்சாகம் கேட்டது.

"எத்தினி பேர?"

"எண்ணல சார். நெறையப் பேர."

கூட்டம் சிரித்தது. நண்பர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "ஐயா, சாரு தள்ளல. கையால ஒதுக்குனாரு, அவ்ளோதான்."

"அண்ணா, கம்னு இருங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொய் சொல்றாருங்க ஐயா. சாரு வாத்தியாரு. வாத்தியாரு யாரயாச்சும் தள்ளுவாரா?"

"வாத்தியாரா?" டிரில் மாஸ்டர் பேனாவைத் திறந்தார். "அப்ப ரெண்டு மடங்கு தப்பு."

நான் நண்பரின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு மேலும் பேசினார். எனக்காக அவர் அவ்வளவு நேர்மையாக மன்றாட மன்றாட, அவர் குழந்தையும் குடகும் லாரியும் என் கண்முன் போய்ப்போய் வந்தன. டிரில் மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தாளு பின்னாலயே ஓடி வந்தது நீதானே? நீயும் தள்ளினியா?"



"நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்தேங்க" என்றார் நண்பர்.

"ஆமாங்க" என்று வெற்றிலைக் கடைக்காரர் குறுக்கிட்டார். "பாவம், ஒரு மைலு தூரம் என்கிட்ட வழி கேட்டுகினே வந்தாரு. நான்தான் வுடல. இந்தக் கழுதைதான் எங்கிருந்தோ வந்து முதுகுல கைய வச்சான். இவன் அப்பன எனக்குத் தெரியும், சாயங்காலம் சொல்றேன்."

என் பெயரின் மேல் கோடு விழுந்தது. என் வில்லையை வாங்கி நண்பரின் கையில் கொடுத்தார்கள். முட்டி உரிந்த இளைஞனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் முறைத்தான். முறைக்க வேண்டியதுதான். சாயங்காலம் அப்பாவும் கேட்டார்.

அடுத்த நாள் காலை மலைக்குத் திரும்பப் பஸ் பிடித்தோம். நண்பர் சான்றிதழைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தவாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "இத்தினி பேரு முன்னால உங்க பேர அடிச்சிட்டாங்களே சார்."

"அதுக்கு இன்னாண்ணா இப்போ?"

"வூட்ல சொன்னா திட்டும்" என்றார். அவர் மனைவியைச் சொன்னார். திட்டினாரா தெரியாது. மறுநாள் எனக்குக் களியும் கீரையும் கொடுத்தனுப்பினார்.

காவலர் வேலைக்கான உத்தரவு வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் சாமையையும் புளியையும் வைத்துச் சமாளித்தார்கள். எளிதாக இருந்திருக்காது. ஆனால் உத்தரவு வந்த நாளைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது, வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று யாருக்கும் தெரியாத ஒரு காலை. ஓட்டம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். விண்ணப்பத்தை நிரப்ப என் அறைக்கு மூவரும் வந்திருந்தார்கள். மனைவி வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை நண்பரின் மடியில் குப்புறப் படுத்து, அவருடைய வேட்டி நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொல்லி, அவர் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தேன்.

தார்ச் சாலை முடியும் இடத்தில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. மேஸ்திரியின் லாரி. பாதையில் இரண்டு மூன்று பேர் மூட்டையோடு இறங்கிப் போனார்கள். மறுபடியும் ஹாரன். மனைவி புளியங்கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். மூன்றாவது முறை நீளமாக அடித்தார்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன். இந்தக் காகிதத்தை நம்பி ஏழு மாசக் கூலியை விடச் சொல்ல நான் யார் என்று அப்போதுதான் பயம் வந்தது.

நண்பர் குழந்தையின் வாயிலிருந்து வேட்டி நுனியை மெதுவாக எடுத்தார். அது சிணுங்கியது. திரும்பவும் கொடுத்துவிட்டார்.

"அடுத்த கட்டத்துல இன்னா கேக்கறாங்க சார்?" என்றார்.